அக்கரைக்கு ஐந்து நிமிடம்

வீட்டிலிருந்து படகுத்துறைக்கு
என் நடையில் எட்டு நிமிடம்.
ருஸ்னேயின் நடையில்
ஒன்றேகால் மணி நேரமும்
மூன்று நத்தைகளும்.

ஆஸ்பத்திரியில் இராப்பணி முடித்து வந்த டைவா
போர்வைக்கு அடியிலிருந்து சொல்லியிருந்தாள்:
பன்னிரண்டு அடிக்கும் வரை
இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இல்லை.
சரி, இல்லாமல் போனோம்.

திட்டம் தெளிவாகத்தான் இருந்தது.
படகேறிக் காயலைக் கடப்பது,
அக்கரையில் சீல்களைப் பார்ப்பது,
சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி ஆளுக்கொன்று தின்பது,
திரும்புவது.
ருஸ்னேயிடம்தான் யாரும் கேட்கவில்லை.

கிளைபேடாவின் பழைய தெருவில்
ஒவ்வொரு கல்லையும் அவள் மிதித்தாக வேண்டும்.
விட்டுப்போன கல்லுக்குத் திரும்பி வந்து
அதன் கணக்கையும் தீர்த்தாக வேண்டும்.
வண்டியில் உட்காருகிறாயா? "நானே."
கையாவது பிடி. "நானே."
பாதி வழியில் வண்டியைத் தானே தள்ளி
ஒரு வங்கியின் கண்ணாடிக் கதவுக்குள் ஓட்டிப்போனாள்.
வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்,
ஏதோ பெரிய கடன் கேட்க வந்தவளுக்கு
விடுவது போல.

துறையில் காற்று உப்பும் டீசலுமாக வீசியது.
படகில் மிதிவண்டிகள், ஒரு ஈர நாய்,
காளான் பறிக்கப் போகிறவர்களின் காலிக் கூடைகள்.
எல்லோரும் எதிர்க்கரை பைன் மரங்களைப் பார்க்க
இவள் பார்த்தது
சங்கிலியை.

ஆரஞ்சுக் கையுறை போட்ட ஒருவர்
(கிந்தாவ்தஸ் என்று சட்டையில் தைத்திருந்தது)
கொக்கியை வளையத்தில் மாட்டினார்.
டக்.
அவ்வளவுதான்.
சீல், தயிர்க்கட்டி, பைன் மரம், நான்,
எல்லாம் அந்த ஒரு டக்கில் அடிபட்டுப் போனோம்.

அக்கரை வந்தது. கூட்டம் இறங்கியது.
"இன்னும்" என்றாள்.
இக்கரை வந்தது.
"இன்னும்."
மூன்றாம் தடவை கிந்தாவ்தஸ்
புருவத்தால் கேட்டார்.
நான் தோளால் பதில் சொன்னேன்.

நான்காவதில் நடந்ததை
டைவாவிடம் சொல்லப் போவதில்லை.
படகு கரையை முட்டுவதற்குச் சற்று முன்பு,
பால்புட்டியின் மூடியைத் தேடி நான் குனிந்த
அந்த ஒரு மூச்சில்
அவள் சங்கிலிக்கு அடியில் நுழைந்துவிட்டாள்.
இரும்புக்கும் கல்லுக்கும் நடுவே
ஒரு முழம் தண்ணீர், கறுப்பாக,
சுருங்கிக்கொண்டே.
விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து
அதனிடம் "ஹலோ" என்றாள்.

ஜாக்கெட்டின் தொப்பியைப் பின்னாலிருந்து
ஒரே நேரத்தில் இரண்டு கைகள் பிடித்தன.
ஒன்று ஆரஞ்சு நிறம்.
யாரும் எதுவும் பேசவில்லை.
ஒரு பெண்மணி தன் காலிக் கூடையை
இறுக அணைத்துக்கொண்டார்.
என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே
உட்கார்ந்துவிட்டன.
ருஸ்னேவுக்கு மட்டும் கோபம்,
பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டோமாம்.

கிந்தாவ்தஸ் என்னைத் திட்டியிருக்கலாம்.
கையுறை ஒன்றைக் கழற்றி
அவள் கையில் மாட்டினார். தோள்வரை ஏறியது.
இரண்டு பேருமாகக் கொக்கியைத் தூக்கி
வளையத்தைத் தேடினார்கள்,
தவறவிட்டார்கள், மறுபடி தேடினார்கள்.
பின்னால் கார்க்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார்.
டக்.
கிளம்பலாம் என்று தலையசைத்தாள்.
படகும் கிளம்பியது.

வீட்டுக்கு வண்டியில்தான் வந்தாள்,
வாய் பிளந்து தூங்கியபடி,
ஒற்றைப் பூட்ஸோடு.
மற்றது எந்தக் கரையில் என்று தெரியாது.

"சீல் எப்படி இருந்தது?" என்றாள் டைவா.
"ஈரமாக" என்றேன்.

சாயங்காலம் குப்பை கொட்ட எழுந்தேன்.
நகர முடியவில்லை.
என் பெல்ட்டில் நுழைத்த கம்பளிக் கழுத்துத்துணி
மேஜைக் காலைச் சுற்றிக் கிடந்தது.
முடிச்சு என்று சொல்ல முடியாது,
இழுத்தால் வந்துவிடும்.
எதிரே அவள்,
கையில் அடுப்புத் தட்டு பிடிக்கும் கையுறை.
"டக்" என்றாள்.

குப்பை நாளைக்குப் போகட்டும்.