உரசாதே

முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில்
நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத்
துரு எடுக்கிறேன்.

விரல் முட்டிகளில் வெண்புள்ளி.
டாக்டர் ரஹ்மத்நிஷா சொன்னார்:
"இரும்பைத் தின்கிற ஆக்சிஜன்தான்
உள்ளே பெராக்சைடாகத் தேங்கி
நிறம் செய்கிற செல்லைச் சுடுது.
அணைக்கிற நொதி உனக்குக் குறைச்சல்.
ஒட்டுவாரொட்டி இல்லை."

நெல்லிக்காய்? என்றேன்.
"தின்னு. அதை மட்டும் நம்பாதே.
களிம்பைப் போடு. தோலை உரசாதே,
உரசின இடத்தில் புதுசா வரும்."

உரசினால்தான் டாக்டர் சம்பளம்.

இன்று கையுறையோடு
ஒரு தேவகோட்டைப் பூட்டைத் தேய்க்கையில்
வாங்க வந்தவர் தடுத்தார்:
"துரு கிடக்கட்டும்மா,
அதுதான் அழகு."

கையுறையைக் கழற்றிக் கை நீட்டினேன்.
முட்டியைப் பார்த்தவர்
நோட்டுகளை மேசையில் வைத்தார்.
ஃபேன் காற்றில் அவை பறக்க
எட்டிப் பிடித்தேன்,
வெறுங்கையால்.