பட்டுவாடா ஆகாத எண்

உறையின் மேல் ஒரு பெயர்: குமாரி இ. தவமலர்.
தெரு இல்லை, புளோக் இல்லை.
பென்சிலில் ஆறு இலக்கம் மட்டும்:
999983.

இயந்திரம் மூன்று முறை துப்பிவிட்டது.
தொண்ணூற்றொன்பதில் தொடங்கும் வட்டாரம்
எங்கள் அட்டவணையில் கிடையாது.
ஆகவே என் தட்டுக்கு வந்தது,
யூனோஸில், இரவு இரண்டே காலுக்கு.

பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு.
ஒற்றைப்படை. மூன்றில் முடிவதால் ஐந்துக்கும் இடமில்லை.
இலக்கங்களைக் கூட்டினேன், நாற்பத்தேழு;
மூன்றும் கைவிரித்தது.
ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம்.
பதினொன்றுக்கு ஆறு. பதின்மூன்றுக்குப் பத்து.
அதற்குள் அடுத்த மூட்டை வந்துவிட்டது.

வேலை முடிந்ததும் பிடோக்கில் 168 ஏறுவேன்.
உட்லண்ட்ஸுக்கு அது சுற்று வழி,
ஆனால் உட்கார இடம் உண்டு.
கடை ரசீதுகளின் பின்னால் வகுத்துக்கொண்டே போனேன்.
ஆயிரத்தைத் தாண்ட வேண்டியதில்லை:
இரண்டு எண்கள் பெருகி இதைப் பெற்றிருந்தால்
ஒன்றாவது ஆயிரத்துக்குள் ஒளிந்திருக்கும்.
ஆயிரத்துக்குள் பகா எண்கள் நூற்றறுபத்தெட்டு.
பேருந்தின் நெற்றியிலும் அதே எண்.
அதில் அர்த்தம் ஒன்றுமில்லை. இருந்தும் சிரித்துவிட்டேன்;
பக்கத்துப் பையன் ஒரு காதைத் திறந்து பார்த்தான்.

ஆறு நாள்.
கடைசியாக 997.
இன்னும் ஒரு எட்டு இருந்திருந்தால் அது திறந்திருக்கும்.
இல்லை.

இத்தனை கடிதங்கள் ஓர் இரவில் வந்தால்
சமமான கட்டுகளாகக் கட்ட முடியாது.
ஒற்றை வரிசையில்தான் வைக்கவேண்டும்,
துவாஸிலிருந்து சாங்கி வரை போதாமல்
கடலுக்குள் நீளும்.
இரண்டு சதுரங்களாகப் பிரித்துப் பரப்பவும் வழியில்லை:
நான்கு நான்காய் எடுத்தால் மூன்று மிஞ்சுகிறதே.
நான்கு படி இறங்கினால் 999979,
அதுவும் இதைப்போல் பிடிவாதம்.
ஏறினால் மட்டும்
பத்தொன்பது படிகள், எல்லாம் உடைந்தவை,
இருபதாவது 1000003.
அதற்கோ ஏழு இலக்கம்,
இந்த ஊரில் முகவரியாகவே முடியாது.

ஏழாம் இரவு ரொஹாயு
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
உறையை விளக்கடியில் பிடித்தாள்.
"முதல் ஒன்பது ஒன்பதே இல்லை. நாலு.
அவசரத்தில் தலை மூடிக்கொண்டது."

499983.
கூட்டினால் நாற்பத்திரண்டு.
மூன்று உடனே உள்ளே போனது,
தாழ்ப்பாளே இல்லாத கதவு.
"சாங்கிப் பக்கம்" என்று
வேறு தட்டில் போட்டுவிட்டு
தேநீர் வாங்கப் போனாள்.

தவமலருக்கு இந்நேரம் கிடைத்திருக்கும்.
கிடைக்கட்டும்.
பதினோரு ரசீது, இரண்டு பக்கமும் எழுதியது,
என் பையில் கிடக்கிறது.
யாரும் எழுதாத முகவரி ஒன்றை
ஒரு வாரம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
உள்ளே ஆள் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

இன்று மழை. விரைவுச்சாலையில் பேருந்து ஊர்கிறது.
1000003 பகாதது என்று அட்டவணைகள் சொல்கின்றன;
நான் என் கையால் பார்த்ததில்லை.
அதற்கும் அதே நூற்றறுபத்தெட்டு போதும்.
புது ரசீது எடுத்தேன், முட்டையும் சோப்பும் வாங்கியது.
ஏழால் வகுத்தேன்.
நான்கு மிச்சம்.