பென்சிலில் எழுதிய பத்தி

செலவை மையில் எழுதுகிறேன்.
அது குறைந்ததாக நினைவில்லை.
வரவுக்குப் பென்சில்.

குஞ்சு இரண்டாயிரம், முப்பத்தெட்டு ரூபாய் மேனிக்கு.
தீவனம் நூற்று முப்பத்து நான்கு மூட்டை.
மருந்து, கரண்டு, முதல் பத்து நாள் கேஸ்,
மத்தூர் மில்லில் அள்ளி வந்த கடலைத்தொலி.
சாவு, நூற்றுக்கு ஐந்து.
இன்னும் வந்தே சேராத குஞ்சுகளுக்கு
அப்படியொரு கட்டம்.

கூட்டி வகுத்தால்
உயிர் எடை கிலோ தொண்ணூற்றாறு.
சென்றாயன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்:
நூற்று நான்குக்கு எடுத்தால் எட்டு ரூபாய் நிற்கும்.
எடுத்தால்.

போன பேட்ச்சிலும் முப்பத்தைந்தாம் நாள்
நூற்று நான்குதான் விலை.
நாளைக்கு வண்டி வரும் என்றார் ஓசூர் வியாபாரி.
மறுநாளும் அதையேதான் சொன்னார்.
ஆவணி முடிய நாலு நாள் இருந்தது.
கோழிக்கு மாதம் தெரியுமா,
தின்றது, படுத்தது, எழுந்து தின்றது.
வண்டி வராத ஒரு நாளுக்கு ஆறரை மூட்டை.
அந்த ஆறரையை எழுத
பாரத்தில் இடம் விடவில்லை.

புரட்டாசி முதல் தேதி
அரசம்பட்டிக் கறிக்கடையில்
தராசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.
விலை எண்பத்து மூன்று.
வண்டி அன்று ராத்திரி வந்தது.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி
கூண்டில் திணிக்கத் திணிக்க
டிரைவர் சொன்னான்:
கோழி பெருசாப் போச்சுக்கா, ஓட்டல்ல வாங்க மாட்டான்.
கிலோவுக்கு இன்னும் இரண்டு போயிற்று.
இளைத்திருந்தால் அதற்கும் இரண்டு போயிருக்கும்.

கூட்டுறவு வங்கிப் பாரத்தின் கடைசி வரி:
குடும்ப உழைப்பு, மதிப்பு ரூபாயில்.
மூன்று பேட்ச்சாகக் கோடு போட்டுவிட்டு வருகிறோம்.
இந்த முறை யோசித்தேன்.
ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்
குஞ்சுகள் விளக்கடியில் அடைந்து கிடந்தால் குளிர்,
ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு
என்று பார்த்து விளக்கை ஏற்றி இறக்கியது யார்?
இரண்டு பேர், நாற்பது நாள், முந்நூறு கூலி.
இருபத்து நாலாயிரம் என்று எழுதினேன்.

இதைச் சேர்த்தால் கடன் நிற்காது என்றார்.
சேர்க்காமல் மட்டும்
லாபம் நின்றதா என்றேன்.

எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
மை. போகவில்லை.
நீலம் ஒட்டிய அதே கட்டைவிரலோடு
ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்.

வியாழக்கிழமை குஞ்சு இறங்குகிறது.