ஐந்து பெயர், பத்து மதிப்பெண்

காட்பாடி விடைத்தாள் முகாமில்
மின்விசிறி சுற்றுகிறது, காற்று இல்லை.
வேலூர் மே மாதம்.
பாலாறு இதற்கெல்லாம் எப்போதோ பழகிவிட்டது.

நாளொன்றுக்கு அறுபது தாள்.
நான் கௌரவ விரிவுரையாளன்.
கௌரவம் மாதாமாதம் வந்துவிடுகிறது,
சம்பளம் ஜனவரியோடு நிற்கிறது.

பதினேழாம் கேள்வி:
ஃபுஜிவாரா குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்களைப் பற்றி எழுதுக.
விடைக்குறிப்பில் ஐந்து பேர்:
கமதாரி, ஃபுஹிதோ, யோஷிஃபுசா, மொதோட்சுனே, மிச்சினாகா.
தலைக்கு இரண்டு மதிப்பெண்.
மிச்சினாகாவை மீச்சிநாகம் ஆக்கியவனுக்கும்
பாவம் பார்த்து ஒன்றரை போட்டேன்.

முப்பத்தெட்டாவது தாள்.
நீல மை, வலப்பக்கம் சாயும் எழுத்து.
ஐந்து பேரையும் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு
அவள் (அவள்தான், தெரிகிறது)
கூடுதல் தாள் வாங்கியிருக்கிறாள்.

'ஃபுஜி என்பது ஒரு பூங்கொடி.
படர ஒரு மரம் கிடைத்தால் போதும் அதற்கு.
இவர்கள் அரியணையில் உட்காரவில்லை,
உட்காருபவனுக்குப் பெண் கொடுத்தார்கள்.
பேரன் பிறந்தான். தாத்தா ஆண்டார்.
எங்கள் வேலூரை அரசன் இல்லாத கோட்டை என்பார்கள்.
அங்கே அரசன் இருந்தான்,
கோட்டைதான் மாமனாருடையது.

மிச்சினாகாவின் மகள்கள்:
ஷோஷி, பன்னிரண்டு வயதில் அரண்மனைக்குப் போனாள்.
கென்ஷி.
இஷி, அக்காள் மகனையே கட்டிக்கொண்டாள், அவனுக்குப் பதினொன்று.
சித்தியைக் கட்டுவதா என்று கேட்க வேண்டியவர்கள்
பந்தியில் இருந்தார்கள்.
கிஷி, பத்தொன்பதில் பிள்ளை பெற்ற கையோடு செத்தாள்.
இவர்களும் முக்கிய உறுப்பினர்களே.

உதாரணம்: ஒடுகத்தூர்ப் பக்கம் கல்குவாரி மாசிலாமணி.
மூத்தவள் ஒன்றியச் செயலாளர் வீட்டில்.
அடுத்தவள் தாசில்தார் வீட்டில்,
அதற்கப்புறம் லாரியை யாரும் நிறுத்துவதில்லை.
மூன்றாமவளுக்கு மே பதினெட்டு.
அவள் எம்.ஏ. படிக்க'

அங்கே மணி அடித்திருக்க வேண்டும்.
வாக்கியத்துக்குப் புள்ளி இல்லை.

இன்று மே இருபது.
முந்தாநாள் பள்ளிகொண்டா வழியில்
என் பேருந்து அரை மணி நேரம் நின்றது.
சாலையை மறித்துக் கல்யாண ஃப்ளெக்ஸ்.
கூலிங்கிளாஸ் போட்டு, கைகூப்பி,
முப்பத்தோரு ஆண் தலைகள்.
பொழுது போகாமல் எண்ணினேன்.
ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் ஜோடி இருந்தது.
எத்தனை யோசித்தும்
வட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

இது அவள்தானா? தெரியாது.
பதிவெண் இருந்த மூலையைக் கிழித்துவிட்டார்கள்,
டம்மி எண் மட்டும் உண்டு.
மே மாதத்தில் மாவட்டம் முழுக்க மூன்றாமவள்கள்.

ஷோஷிக்கு ஒரு டிக், கென்ஷிக்கு ஒன்று,
இஷிக்கு, கிஷிக்கு.
புள்ளியில்லாத வாக்கியத்துக்கும் ஒன்று.
சீஃப் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்:
"குறிப்புல இல்லாததுக்கெல்லாம் எதுக்கு சார் டிக்?"

பத்துக்கு மேல் போட வழியில்லை.
பத்து என்று எழுதி வழக்கப்படி வட்டமிட்டேன்.
வட்டத்தைப் பார்த்தேன்.
அடித்துவிட்டு, வெளியே, பெரிதாக, மறுபடி பத்து.

அடித்தலுக்குக் கையெழுத்துக் கேட்டார்.
போட்டேன்.
அடுத்த தாளைத் திறந்தால்
முதல் வரியில் கமதாரி.