பதினேழாம் எண் அயனி

நாலரை மணிக்குக் காளிகேசத்தில்
ஓடை மட்டும் விழித்திருக்கிறது.
நைட்ரஜன் உருளையைச் சும்மாடு வைத்துத் தூக்கி வருகிறான் ஈச்சன் காணி,
கல்யாண வீட்டுக்கு வார்ப்பு கொண்டுபோகிறவன் மாதிரி.
என்னிடம் டார்ச், பிளேடு, நோட்டு,
அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு.

வெயில் தொடுமுன் இலையைப் பறித்துவிட வேண்டும்.
இரவெல்லாம் இலைத்துளைகளைச் சாத்திக்கொண்டு
மரம் மண்ணிடம் வாங்கிச் சேர்க்கும் நேரம்.
பகலில் பட்ட கடன் விடிவதற்குள் எவ்வளவு தீர்ந்தது
என்பதைக் காம்பிடம்தான் கேட்க வேண்டும்.

தோட்டியால் ஒரு கொப்பை வளைத்து,
எஃகுக் குடுவைக்குள் இலையை இறக்கி,
காம்பின் முனையை மட்டும் வெளியே விட்டு
வாயுவைத் திறக்கிறேன்.
பாம்பில்லை, பாம்பில்லை என்று
முதல் வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சத்தம்.
லென்ஸில் கண்.
இமைத்தால் போச்சு.
வறண்டிருந்த வெட்டுவாய் சட்டென்று நனைந்து மினுங்கும்;
அப்போது முள் எங்கே நிற்கிறதோ
அவ்வளவு தாகம்.

பதினாறாம் மரம், மூன்று பார்.
பதினெட்டு, மூன்றரை.
பதினேழு,
பதினான்கு.

வளையம் கசிகிறதோ என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன்.
வேறொரு இலை. பதினான்கரை.

ஓடைக்கும் அதற்கும் பதினைந்தடி இருக்காது.
மண்ணை அள்ளினால் கொழுக்கட்டை பிடிக்கலாம்.
"வெள்ளம் கெடக்கு, குடிக்க வாயில்ல" என்றான் ஈச்சன்.
இதையே நான் அறிக்கையில்
இரண்டு பக்கம் எழுதினேன்.

அண்ணாந்து பார்க்கிற யாரும் நம்பமாட்டார்கள்.
இப்படி ஒரு வருஷமும் காய்த்ததில்லையாம்.
பால்வெட்ட வரும் ரெஜிலாவும் புஷ்பபாயும்
உதிர்ந்த அயனிச்சக்கையை மடிகொள்ளாமல் அள்ளிப்போனார்கள்.
கொட்டையை வறுத்துத் தின்னு டீச்சரே என்று எனக்கும் ஒரு பொதி.
நான் டீச்சர் இல்லை.
வறுத்தேன்.
ருசியாகத்தான் இருந்தது,
கையிருப்பை முழுக்கக் கரைத்துவிட்ட ஒன்றின் பந்தி அது
என்று தெரிந்து தின்றபோதும்.

மேற்கு வேரை மண்வெட்டியால் பாதி, விரலால் மீதி தோண்டினோம்.
பட்டைமேல் வெள்ளை நூல்,
தட்டில் பிழிந்த இடியாப்பம்போல் அப்பி,
சுரண்டினால் உள்ளே மரம் பஞ்சாக வந்தது.
நூலைப் பிடித்துக்கொண்டே போனோம்.
முள்வேலி வந்தது.
வேலி மண்ணுக்கு மேலே மட்டும்தானே.
அந்தப் பக்கம் எஸ்டேட்டில்
பன்னிரண்டு வருஷம் முன்பு முறித்த ரப்பரின் குற்றி,
யாரும் பிழுதெடுக்க மெனக்கெடாதது,
காளான் மணத்தோடு.

பதினேழைக் காப்பாற்ற முடியாது.
பதினெட்டுக்கும் அதற்கும் நடுவே
மூன்றடி ஆழத்தில் சால் வெட்டச் சொன்னார்கள்.
கீழே இரண்டின் வேரும் பின்னிக் கிடந்தன.
இது யாருடையது என்று கேட்டுக் கேட்டா வெட்ட முடியும்?
ஈச்சன் ஒருமுறை மட்டும் வெட்டுக்கத்தியை நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தான்.
வெட்டு என்றேன்.

பதினோரு நாள் கழிந்து மறுபடி நாலரை மணி.
பதினெட்டு, ஐந்தேகால்.

நாங்கள் அறுத்த வேர்களின் குறையா,
அறுப்பதற்கு முன்பே கடந்துவிட்ட நூலா,
முள்ளுக்குத் தெரியாது.
ஆவணி மட்டும் காத்திருக்க வேண்டும்.
நோட்டில் எண்ணை மட்டும் எழுதி, பக்கத்துக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.

ஈச்சன் உருளையைத் தலைக்கு ஏற்றினான்.
வாயு தீர்ந்திருந்தது.
அதே கனம்தான் என்றான்.