காலியிடம்

காபி இயந்திரத்தின் பக்கத்தில்
பத்து வேலைநாள் ஒட்டியிருந்தது அந்தத் தாள்.
பெயர் இல்லை. சம்பளம் இருந்தது.
கிரேன் ஓட்டும் ரஸ்டி அதைப் படித்துவிட்டு
"இவ்வளவுதானா உனக்கு?" என்றான்.
என் கோப்பையில் சர்க்கரையும் போட்டுக் கலக்கினான்.

பிறகு இரண்டு ஞாயிறு, நாளிதழில்.
தேவை:
பாலத்து இரும்பை மீயொலியால் சோதிப்பவர்.
ஆறு ஆண்டு அனுபவம்.
உறைநிலைக்குக் கீழே இருபதில்
கயிற்றில் தொங்கியபடி
பற்றவைப்புக்குள் ஒளிந்த விரிசலைக்
கேட்கத் தெரிந்தவர்.

ருஸ்தாவியில் என்னைக் காதலித்தவன்கூட
இவ்வளவு சரியாக என்னைச் சொன்னதில்லை.

சட்டத்தின் கேள்வி சின்னது:
டுலூத்தில் இவள் வேலைக்கு உள்ளூரில் ஆளே இல்லையா?
இல்லை என்று முதலாளி காட்டினால்
நான் இருக்கலாம்.
விண்ணப்பங்களைத் தொடாதே,
வந்தது யார் என்று விசாரிக்காதே,
தொலைபேசியில் வக்கீல் சொன்னார், நிமிடத்துக்கு இவ்வளவு என்று.
சரி என்றேன்.
என் மேசையோ வாசலைப் பார்த்தபடி கிடக்கிறது.

மூன்று பேர் வந்தார்கள்.
ஒருவர் பல் மருத்துவரைத் தேடி வந்தவர்.
ஒரு பையன், படிப்பை முடிக்காதவன்,
மிட்டாய்க் கிண்ணத்தைப் பாதியாக்கிவிட்டுப் போனான்.
அப்புறம் டாரல் லிண்ட்ஸ்ட்ரோம்.
பதினேழு வருடம் ஹிப்பிங் சுரங்கத்தில்,
பிப்ரவரியில் அனுப்பிவிட்டார்களாம்.
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டி, அந்த ஈரத்தையும் துடைத்தார்.
என் மேசையில் கிடந்த சோதனைக் கருவியை
கேட்காமலே எடுத்து
மேசைக் காலில் வைத்தார்.
பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.

"நிஜமாகவே காலியா இந்த வேலை?"

அந்த வேலையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு
"உள்ளே கேளுங்கள்" என்றேன்.

மார்லிஸ் எழுதிய காரணம் ஒரே வரி.
அச்சுப்பொறியில் மல்லாந்து கிடந்தது,
பார்க்கக் கூடாததைப் பார்த்தேன்:
உயரத்தில் பணிபுரியும் சான்றிதழ் இல்லை.

அது இரண்டு நாள் பயிற்சி.
இங்கு வந்த பிறகுதான் நானும் எடுத்தேன்.
மதியச் சாப்பாடு அவர்களுடையது,
கோழி, உப்புக் கம்மி.

இரும்பில் நான் விரிசல் கண்டால்
சிவப்பு மையில் வட்டமிட்டு
ஆழம், நீளம், தேதி எழுதி
கையெழுத்திடுவேன்.
இதற்கு என்னிடம் படிவம் இல்லை.
கையெழுத்து மட்டும்
வக்கீல் காட்டிய இடங்களில் எல்லாம் போட்டேன்.

பதினான்கு மாதம். ஒப்புதல் வந்தது.
முதலாளி கேக் வாங்கிவந்தார்,
நானுலி என்பதில் ஒரு எழுத்து குறைந்திருந்தது.
ஏரியில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்த வாரம்
வீட்டுக்கு இன்னொரு சாவி வெட்ட
ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

சிவப்பு ஏப்ரனில் டாரல்.
அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
சாவியைப் பொருத்தி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே,
முகம் திருப்பாமல்:
"அந்த வேலை யாருக்குத்தான் கிடைத்தது?"

நல்ல சத்தம் அந்த இயந்திரத்துக்கு.
கேட்காத மாதிரி நின்றிருக்கலாம்.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"எனக்கு" என்றேன்.

அவர் பொறியை அணைத்தார்.
சாவியின் ஓரத்தை அராவி, ஊதி,
வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து
இன்னும் கொஞ்சம் அராவினார்.

"கதவில் திரும்பாவிட்டால் கொண்டுவா.
காசு வேண்டாம்."