வினாடிக்கு ஏழு

சுரங்கத்தை மூடிக் கொடுத்த பணத்தில்
மற்றவர்கள் கார் வாங்கினார்கள்.
எதிர்வீட்டு ஸ்கர்பெக்குக்குக் குளியலறை முழுக்க இத்தாலி ஓடு.
போகுமியூ வாங்கி வந்தது
பழுப்புநிறக் கம்ப்யூட்டர் ஒன்று,
யாரோ கழற்றி விற்ற வூடூ அட்டை ஒன்று.
விண்டோஸுக்குக் காசு மிஞ்சவில்லை.
"லினக்ஸ் இருக்கு யாகோடா, சும்மாவே தர்றாங்க."
சும்மா வந்தது எதுவும் சும்மா விடாது என்று
அன்றைக்கே சொல்லியிருக்கலாம் நான்.

கடைசி டிராமை ஷெட்டில் விட்டு
பனி மிதித்து வீட்டுக்கு வந்தால்
சமையலறை மேஜையில் திறந்து கிடக்கும் பெட்டி.
ஓர் அட்டையில் புறப்பட்ட கம்பி
வெளியே வந்து மறு அட்டைக்குள் நுழைந்து
அப்புறம்தான் திரைக்குப் போகிறது,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி.

விளையாட்டு ஓடத்தான் செய்தது.
வினாடிக்கு ஏழு படம்.
கல் நடைவழி, கட்டம் கட்டமாய் இருட்டு.
தூரத்தில் ஒரு பூதம்.
அடுத்த படத்தில் பாதி வழியில்.
அதற்கடுத்ததில் கழுத்தருகே.
திரும்புவதற்குள் செத்துப்போவான்.
எண்ணிக்கொண்டே சாவான்: நாலு, அஞ்சு, ஆறு.

பதினோரு இரவுகள்.
கெர்னல் கம்பைல் ஆகும் நேரத்தை
நான் க்ளுஸ்கியால் அளந்தேன்.
உருளைக்கிழங்கு உருண்டை ஒவ்வொன்றிலும்
கட்டைவிரலால் ஒரு குழி.
தொண்ணூறு குழி அழுத்தினால் ஒரு கெர்னல்.
பாதியில் பிழை வந்தால் நாற்பது.
அந்த மாதம் நிறைய நாற்பதுகள் சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் இரவு
மூன்று பல்சக்கரங்கள் திரையில் வழுக்கிச் சுழன்றன,
சிவப்பு, பச்சை, நீலம்,
எண்ணெய் போட்ட மாதிரி.
ஆனால் ரூட்டாக நுழைந்தால் மட்டும்.
போகுமியூவாக நுழைந்தால் ஒரே வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.

"ரூட்டாவே விளையாடேன், யார் கேக்கப்போறா?"

அவன் பதில் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடம் கழுத்தில் தொங்கிய
பித்தளை வில்லையை
ஜன்னல் வழியே நீட்டி ஒப்படைத்தவன்.
"என் வீட்டில் முதலாளி வேஷம் கட்டமாட்டேன்.
என் பெயரில் போனால் போகிறேன்,
இல்லாவிட்டால் வேண்டாம்."

எனக்கு மாடுல் தெரியாது, மேசா தெரியாது.
டெப்போவில் சாவிப்பெட்டி தெரியும்.
வண்டி தயாராய் நிற்கும்,
சாவி கண்ணெதிரே தொங்கும்,
பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்
மேற்பார்வையாளர் கையை நீட்டமாட்டார்.

"அந்த அட்டையைத் தொடலாம்னு ஒரு பட்டியல் இருக்குமே.
அதில் உன் பெயர் இருக்கா?"

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தான்.
மாவு காய்ந்த என் விரலையும் பார்த்தான்.
அப்புறம் தட்டினான், ஒரே ஒரு வரி.
வெளியேறி,
தன் பெயரிலேயே திரும்ப நுழைந்தான்.

பெட்டிக்குள் கிளிக் என்றது.

எனக்குத் தெரிந்த சத்தம் அது.
சந்திப்பில் தண்டவாளம் தடம் மாறுகிற சத்தம்.
திரை ஒரு மூச்சுக்குக் கறுத்தது.
இருவரும் மூச்சு விடவில்லை.

பிறகு வெளிச்சம்.
கட்டங்கள் கரைந்து கல்லாகிவிட்டன.
தீப்பந்தம் அசைய அசைய
சுவரும் கூடவே அசைந்தது.
தண்ணீருக்குள் தரை தெரிந்தது!
ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே
விரல் நுழைக்க இடமில்லை.

அவன் சுடவே இல்லை.
எதிர்ச்சுவரில் கைவைப்பவன் போல
நெருங்கிப் போய் நின்றான்.
மூலையிலிருந்து பூதம் புறப்பட்டது,
தாவாமல், விட்டுவிட்டு அல்ல,
ஒவ்வோர் அடியும் வைத்து வைத்து.
அவன் விரல் மவுசிலேயே இருந்தது.
வந்தது. அடித்தது.
திரை சரிந்து தரையைப் பார்த்தது.

"செத்துட்டியே" என்றேன்.

"ஆமா," என்றான் போகுமியூ,
பத்து மாதத்தில் முதல்முறையாகச் சிரித்து,
"ஆனா இந்தத் தடவை
வர்றதைப் பார்த்தேன்."

அடுப்பில் நாற்பது க்ளுஸ்கி
கொதித்துக் கூழாகியிருந்தது.